ஏர்போர்ட்டுக்கு 4 ஸ்டார்... எங்கள் வீட்டுக் கூரைக்கு யார் வருவார்?

2025 ஜூலை 26, சனிக்கிழமை. தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்த நாள். ''உங்க ஊர்தானே... நீயே எழுதிடு'' என்று டெஸ்க்கில் அந்தச் செய்தியை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு வாகைக்குளத்தைப் பற்றி டைப் செய்துகொண்டிருந்தேன். 17,340 சதுர மீட்டர். சுமார் 450 கோடி ரூபாய். ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளலாம். எல்லாம் எல்.இ.டி விளக்குகள், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் வசதி, 'கிரிஹா 4' நட்சத்திரத் தரத்தை எட்டும் வகையில் கட்டப்பட்டது...

அந்த 'கிரிஹா' வரியை அடிக்கும்போதுதான் அப்பாவின் போன்.

''ஒண்ணும் பயப்படாத. ஆச்சி படுக்குற ரூம்ல மேல இருந்து காரை விழுந்துட்டு. ஆச்சி கொடியேத்தம் பாக்கக் கோயிலுக்குப் போயிருந்தா. கட்டில்லதான் விழுந்துருக்கு.''

ஜூலை 26 எங்கள் ஊரில் பனிமய மாதா கோயில் கொடியேற்றம். அந்தக் கொடிதான் ஆச்சியைக் காப்பாற்றியது. அப்பா அனுப்பிய போட்டோவில், ஆச்சியின் தலையணை மேல் இரண்டு கை அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பாளம் கிடந்தது. மேலே கூரையில் துருப்பிடித்த கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன.

செய்தியை முடித்து அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கட்டடம். அதற்கு நட்சத்திரம் வாங்கித்தர ஒரு நிபுணர் குழு. ஊருக்குள்ளே எங்கள் வீடு. அதைப் பார்த்து ''இது ஏன் விழுந்தது'' என்று சொல்ல ஆள் இல்லை.

நான்கு நம்பர், நான்கு ஊர்

கிரிஹா என்பது டெரி நிறுவனமும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கொண்டுவந்த பசுமைக் கட்டட மதிப்பீடு. ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருவார்கள். இதேபோல் அமெரிக்காவில் பிறந்த 'லீட்', இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001-ல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில், அதாவது ஐ.ஜி.பி.சி ஆகியவையும் மதிப்பீடு செய்கின்றன. இவற்றுக்கென்று பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் 'அக்ரெடிட்டட் புரொஃபஷனல்', சுருக்கமாக ஏ.பி. கட்டடம் எந்தத் திசை பார்க்க வேண்டும், எவ்வளவு வெயில் உள்ளே வரலாம், தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துவது, எந்தச் சிமென்ட், எந்தக் கல் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

அப்படி ஒருவர் தூத்துக்குடியில் கிடைப்பாரா என்று தேட ஆரம்பித்தேன். காலேஜ் குரூப், சர்ச் குரூப், ஸ்கூல் குரூப் எல்லாவற்றிலும் கேட்டேன். இரண்டு நாளில் நான்கு நம்பர் கிடைத்தது. நான்கு பேருமே தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள். ஒருவர் பெங்களூரு. ஒருவர் கொச்சி. ஒருவர் துபாய். நான்காவது, பத்தாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு கன்சல்டன்ஸியில் இருக்கிறாள். என் பி.ஜி-யிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

''ஏட்டி, தூத்துக்குடிக்கு நான் மூணு தடவை வந்துட்டேன்... ஒரு ஃபேக்டரி புராஜெக்ட்டுக்கு. காலைல ஃப்ளைட், சாயங்காலம் ரிட்டர்ன். ஒரு தடவைகூட எங்க வீட்டுக்குப் போகல'' என்றாள்.

ஆட்கள் இல்லாமல் இல்லை. ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன கணக்கு எளிமையானது. பசுமைச் சான்றிதழ் கேட்பவர்கள் ஐ.டி. பார்க்குகளும், ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளும், ஸ்டார் ஹோட்டல்களும்தான். 'எங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கட்டடத்துக்கு ரேட்டிங் இருக்கிறதா' என்று பன்னாட்டு நிறுவனங்கள் கேட்கின்றன. லீட் மதிப்பீட்டில், குழுவில் ஒரு ஏ.பி இருந்தாலே அதற்கென்று ஒரு மதிப்பெண் உண்டு. ஆக, கண்ணாடிக் கட்டடங்கள் எங்கே எழுகின்றனவோ, அங்கே நிபுணர்கள் கூடுகிறார்கள். படிப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். லீட் ஏ.பி ஒருவர் இரண்டு வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்பயிற்சி எடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். பெரிய அலுவலகம் என்றால் அதற்கு வழி இருக்கும்.

சின்னக் கட்டடங்களுக்கென்றே மதிப்பீடுகள் இல்லாமல் இல்லை. 2,500 சதுர மீட்டருக்குள் இருப்பவற்றுக்கு 'ஸ்வாகிரிஹா' இருக்கிறது. ஐ.ஜி.பி.சி-யில் வீடுகளுக்குத் தனிப் பிரிவே உண்டு. ஆனால், 800 சதுர அடி வீடு கட்டும் எங்கள் தெருக்காரர் யாரும் சான்றிதழுக்காகத் தனியே பணம் கட்டப்போவதில்லை. அவர் கட்டவில்லை என்றால் நிபுணருக்கு இங்கே சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை என்றால் அவர் முத்துநகர் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிவிடுகிறார். நான் ஏறிய மாதிரியே.

''திருவிழாவுக்கு நானும் வர்றேன். உங்க வீட்டைப் பாத்துருவோம்'' என்றாள்.

அப்பா சேமித்த தண்ணீர்

ஆகஸ்ட் 5, மாதா திருவிழா. சப்பரம் பார்த்துவிட்டு மறுநாள் காலை வீட்டுக்கு வந்தாள். கையில் லேப்டாப் இல்லை. ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. கொத்தனார் அண்ணாச்சியையும் அப்பா வரச்சொல்லியிருந்தார். எங்கள் வீட்டை 2003-ல் கட்டியவர் அவர்தான்.

அப்பா ஏற்கெனவே ஒரு முடிவில் இருந்தார். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் கணக்கெழுதி ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. விழுந்த இடத்தைப் பூசிவிட்டு, கீழே ஃபால்ஸ் சீலிங் அடித்து, ஆச்சி ரூமுக்கு ஒரு ஏ.சி போட்டுவிடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும் என்பது அவர் திட்டம்.

தோழி கூரையை அங்கங்கே தட்டிக்கொண்டே போனாள். ஹாலில் 'டங் டங்' என்று கேட்டது. ஆச்சி ரூமிலும் அடுக்களையிலும் 'டொப் டொப்' என்றது, பழுத்த தேங்காயைத் தட்டுகிற மாதிரி. உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிட்டது என்று அர்த்தம். இரும்பு துருவாக மாறும்போது பருத்துவிடும். அது பருக்கப் பருக்க, சுற்றியிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கடற்காற்றில் வரும் உப்பு அந்த வேலையை வேகப்படுத்தும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் எங்கள் வீட்டில் நின்றதும் உதவியிருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது.

''மாமா, இந்தக் கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணி எடுத்தீங்க?'' என்று கேட்டாள்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. அண்ணாச்சிதான் சொன்னார். ''போர் தண்ணிதாம்மா. இங்க எல்லாரும் அதான்.''

எங்கள் தெருவில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. பக்கத்தில் உப்பளம். உப்பளத்துக்கு நல்லது, வீட்டுக்கு ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. 2000-ம் ஆண்டுப் பதிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. எங்கள் வீடு கட்டியது அதற்கு மூன்று வருடம் கழித்து.

அப்பா மெதுவாகச் சொன்னார். ''தாமிரபரணித் தண்ணி அப்போ நம்ம தெருவுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். நீ கைப்பிள்ளை மாதிரி இருந்த. குடிக்க வெச்சிருந்த தண்ணிய எடுத்து சிமென்ட்ல ஊத்தவான்னு நெனச்சேன். மிச்சம் பண்ணுறேன்னு நெனச்சேன்.''

எனக்கு அப்போது நான்கு வயது. அந்தத் தண்ணீரைக் குடித்தவள் நான்தான்.

அதே 2003-ல்தான் ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் பசுமை வணிக மையக் கட்டடம் லீட் பிளாட்டினம் வாங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரம் பெற்ற முதல் கட்டடம் அது. அடுத்த வருடம் ஜூலையில் அதைத் திறந்துவைத்தவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். எங்கள் மன்னார் வளைகுடாவின் அந்தக் கோடியில், ராமேஸ்வரத்தில் பிறந்தவர். அறிவு நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால், எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு வரியாவது வந்திருந்தால் போதும்: 'அண்ணாச்சி, இந்தத் தண்ணி வேண்டாம்.'

ஆச்சியின் காற்று, கடலின் கல்

''ஏ.சி எதுக்கு? அந்தக் காலத்து வீட்ல ஏ.சியா இருந்துச்சு?'' என்று ஆச்சி குறுக்கே வந்தாள்.

ஆச்சி பிறந்த வீடு பெரிய கோயிலுக்குப் பக்கத்தில். முருகைக்கல், அதாவது கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவர் ஒன்றரை முழ அகலம். சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் முதுகு குளிரும் என்பாள். ''கெழக்க சன்னல் பெருசா வெக்கணும், கொண்டல் காத்து வரும். மேக்க சின்னதா வெக்கணும். கச்சான் காத்து மண்ணையும் சூட்டையும் வாரிட்டு வரும்'' என்று ஆச்சி சொன்னதும் தோழி சிரித்துவிட்டாள். ''இதத்தான் ஆச்சி நாங்க சாஃப்ட்வேர்ல போட்டு, கலர் கலரா படம் எடுத்து, லட்ச ரூவா பில் போடுறோம்.''

வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு ஒன்று 2018-ல் வந்தது. பெயர் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'. எங்கள் ஊர் மாதிரி வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடங்களில், திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவிகிதம் இருக்க வேண்டும் என்கிறது. ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆச்சி ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. 20 சதுர அடி திறப்பு வேண்டும். இருப்பது மூன்றுக்கு நான்கில் ஒரு ஸ்லைடிங் சன்னல். ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். ஆக 6 சதுர அடி. அதுவும் மேற்குப் பக்கம்!

அப்படியானால் ஆச்சி சொல்வது மாதிரி பழைய வீட்டுக்கே திரும்பிவிடலாமா? அங்கேதான் தோழி நிறுத்தினாள். அந்த முருகைக்கல் சும்மா வரவில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், அலையைத் தடுக்க ஆளில்லாமல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. எங்கள் ஊருக்கு நேர் எதிரே இருக்கும் வான் தீவு சுருங்கிக்கொண்டே வந்து, அதைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியிருந்தது. 2001-ல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இப்போது ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

குளிர்ச்சியான வீடெல்லாம் பசுமை வீடு இல்லை என்று எனக்குப் புரிந்த இடம் அது. ஆச்சியிடம் காற்று பற்றிய அறிவு இருக்கிறது. அண்ணாச்சியிடம் கைப்பக்குவம் இருக்கிறது. தோழியிடம் கணக்கு இருக்கிறது. மூன்று பேரும் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒன்றாக உட்கார்ந்தது, எனக்குத் தெரிந்து, அன்றுதான்.

அண்ணாச்சியின் கேள்வி

முடிவு அப்பாவுக்குப் பிடித்ததாக இல்லை. ஃபால்ஸ் சீலிங் போட்டால் துரு நிற்காது, நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். ஆச்சி ரூம், அடுக்களை இரண்டின் கூரையையும் இடித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். ஹாலுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்து ரிப்பேர் போதும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஒருவரும் வந்து பார்த்து அதையே சொன்னார். ஏ.சி பணம் கூரைக்குப் போனது. அப்பா இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

தோழியும் அண்ணாச்சியும் பேசியதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே விடும் இடைவெளிக்கு 'கவர்' என்று பெயர். அண்ணாச்சி ஒரு ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்து முக்கால் இஞ்ச் விடுவார். விதிப்படி, கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். ஒன்றே முக்கால் இஞ்ச். ''அவ்வளவு விட்டா கூரை கனமாகும்லாம்மா'' என்றார். ''கனமாகும் அண்ணாச்சி. இன்ஜினீயர் அதுக்குத் தக்கனதான் கம்பி சொல்லுவாங்க. இன்னொரு தடவை இடிக்க வேண்டாம்லா'' என்றாள் தோழி. உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 8 சதவிகிதம் அளவுக்குச் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரே கூரையை 22 வருடத்தில் இரண்டு தடவை போடுவதைவிடப் பெரிய வீண் எது?

சிமென்ட்டில் 'பி.பி.சி' என்றால் மட்டம் என்பது அண்ணாச்சியின் எண்ணம். அதில் அனல்மின் நிலையச் சாம்பல் கலக்கிறார்கள். சரியாக நீர் விட்டு ஆற்றினால், உப்பு உள்ளே இறங்குவதை அந்தச் சாம்பல் கலந்த சிமென்ட்தான் நன்றாகத் தடுக்கும். 1979-ல் ஓடத் தொடங்கிய தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எங்கள் மொட்டைமாடியிலிருந்தே தெரியும். மருந்து வீட்டு வாசலிலேயே கிடந்திருக்கிறது.

ஆனால், அந்தச் சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். தண்ணீருக்கு எங்கே போவது? சணல் சாக்கு விரித்து நனைத்துவிட்டால் பாத்தி கட்டி நிறுத்துவதைவிடக் குறைவாகவே செலவாகும். கலப்பதற்கும் நனைப்பதற்கும் லாரித் தண்ணீர். அதையும் ஒரு பாட்டில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது. கிழக்கே ஆளுயரச் சன்னல், இரு கதவும் வெளியே திறப்பது மாதிரி. மேற்கில் இருப்பதை அடைத்து மேலே ஒரு சின்னத் திறப்பு. மொட்டைமாடிக்கு வெள்ளை.

எல்லாம் கேட்டுவிட்டு அண்ணாச்சி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

''இந்தப் பரீட்சைய நான் எழுதலாமாம்மா?''

தோழி யோசித்தாள். ''ஏ.பிக்கு முன்னால கிரீன் அசோசியேட்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. டிகிரி கேக்க மாட்டாங்க. 18 வயசு ஆனா போதும். ரெண்டு மணி நேரம், 100 கேள்வி. ஆனா இங்கிலீஷ்ல இருக்கும். வேற சில பாஷையிலயும் உண்டு. தமிழ்ல இல்ல.''

''அப்போ சிமென்ட்டும் இங்கிலீஷ்லதான் கலக்கணுமோ?''

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் தோழி ஒன்று சொன்னாள். ''எல்லா கிராமத்துலயும் டாக்டர் இருக்க முடியாது. ஆனா ஒரு நர்ஸம்மா இருக்காங்கல்ல... அவங்க பாத்துட்டு 'இது பெரிய கேஸ், ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு சொல்லுவாங்க. கட்டடத்துக்கு அப்படி ஒரு ஆள் இல்லட்டி. நாங்க நூறு பேர் ஓ.எம்.ஆர்ல இருந்து என்ன பண்ண?'' அவள் தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுவாளா என்று நான் கேட்கவில்லை. நானும் திரும்பப்போவதில்லையே. அரசு நடத்திய கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது என்பார்கள். எங்கள் ஊரில் எடுத்து வெளியூரில் கோத்துப்போடுகிற வழக்கம் மட்டும் இன்னும் முடியவில்லை.

சென்னை வந்ததும் என் நோட்டில் இருந்ததை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதினேன். தண்ணீர், கவர், சிமென்ட், ஈரம், சன்னல் என்று ஐந்தே தலைப்பு. தோழி திருத்திக்கொடுத்தாள். போட்டோ எடுத்து அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

கூரை வேலை முடிந்தது. ஆச்சி புதுச் சன்னலோரம் கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கொண்டல் காற்று வருகிறதாம். அப்பா போனில் ஏ.சி பற்றிப் பேசுவதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலை ஏழு மணிக்கு அண்ணாச்சியின் போன். பின்னால் மிக்ஸர் மெஷின் ஓடும் சத்தம்.

''பாப்பா, முத்தையாபுரத்துல ஒரு வீடு. போர் தண்ணிதான் இருக்குன்னு சொல்றாவ. நான் மெஷினை நிப்பாட்டச் சொல்லிட்டேன். எம்புட்டுக்கு மேல உப்பு இருந்தா வேண்டாம்னு சொன்னிய? நீ அனுப்புன போட்டோவக் காணல.''

''ஐந்நூறு அண்ணாச்சி'' என்றேன். ''இருங்க, மறுபடியும் அனுப்புறேன்.''